எச்.ஐ.வி. மருந்தெதிர்ப்பு மரபணுச் சோதனை: முடிவுகளைப் பகுத்தறியும் முறை

எச்.ஐ.வி. மருந்தெதிர்ப்பு மரபணுச் சோதனை என்பது, நோயாளியின் இரத்தத்திலுள்ள வைரஸின் மரபணு வரிசையைப் படித்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்று கணிக்கும் ஆய்வகச் சோதனை. ஆய்வகக் கருவி தருவது பிறழ்வுகளின் பட்டியல் மட்டுமே. அதற்குப் பொருள் காண்பது வல்லுநர் பணி.

பிறழ்வுக் குறியீடு

வைரஸின் ‘போல்’ மரபணுவிலிருந்து உருவாகும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், புரோட்டியேஸ், இன்டெக்ரேஸ் ஆகிய நொதிகளே பெரும்பாலான மருந்துகளின் இலக்கு. நோயாளியின் வரிசை ஒரு மேற்கோள் வரிசையுடன் ஒப்பிடப்படும். ‘எம்184வி’ என்றால், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸின் 184ஆம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் வாலின் அமைந்துள்ளது என்று பொருள். எல்லா வேறுபாடுகளும் எதிர்ப்பைத் தருவதில்லை. பல, வைரஸ் வகைகளுக்கிடையே இயல்பாகக் காணப்படுபவை.

மதிப்பெண் முறை

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 1998இல் தொடங்கிய தரவுத்தளம், ஒவ்வொரு பிறழ்வுக்கும் மருந்துவாரியாக மதிப்பெண் இடுகிறது. கூட்டுத்தொகை 10க்குக் குறைந்தால் மருந்து பலிக்கும். 30 முதல் 59 வரை நடுத்தர எதிர்ப்பு. 60ஐ எட்டினால் உயர் எதிர்ப்பு. பிரான்சின் ஏ.என்.ஆர்.எஸ்., பெல்ஜியத்தின் ரேகா ஆகிய ஆய்வு அமைப்புகளுக்குத் தனி விதிகள் உண்டு. எனவே ஒரே வரிசைக்கு, குறிப்பாக இடைப்பட்ட நிலைகளில், முடிவுகள் மாறுபடலாம்.

ஒரே பிறழ்வின் இரு விளைவுகள்

எம்184வி, லாமிவுடின், எம்ட்ரிசிடபின் மருந்துகளுக்கு உயர் எதிர்ப்பைத் தருகிறது. ஆனால் டெனோபோவிர், சிடோவுடின் மருந்துகளுக்கு வைரஸ் கூடுதலாகக் கட்டுப்படச் செய்கிறது. அதன் பெருகும் திறனையும் குறைக்கிறது. அதனால் இப்பிறழ்வு தெரிந்த பின்னும் லாமிவுடினைத் தொடர்வதுண்டு. கே103என் என்ற மற்றொரு பிறழ்வு எபாவிரென்ஸ், நெவிரபின் இரண்டையும் செயலிழக்கச் செய்தாலும், தனித்திருக்கையில் அதே வகை மருந்தான எட்ராவிரினைப் பாதிப்பதில்லை.

வரம்புகள்

வழக்கமான சாங்கர் முறையில், இரத்தத்திலுள்ள வைரஸ்களில் சுமார் 20 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றில் உள்ள பிறழ்வுகள் தப்பிவிடக்கூடும். மருந்தை நிறுத்தினால் பிறழ்வற்ற வைரஸ் மேலோங்கும். எதிர்ப்பு வைரஸ் செல்களுக்குள் மறைந்திருந்து, அதே மருந்தைத் திரும்பத் தரும்போது தலைதூக்கும். ஆகவே மருந்து உட்கொள்ளும்போதோ நிறுத்திய நான்கு வாரங்களுக்குள்ளோ மாதிரி எடுப்பதே சிறந்தது. ஒருமுறை கண்ட பிறழ்வு, பிந்தைய அறிக்கையில் இல்லாவிட்டாலும் கணக்கில் சேரும்.

மருந்து தரப்பட்டும் வைரஸ் அளவு உயர்ந்திருக்க, பிறழ்வு எதுவும் தென்படாவிட்டால், மருந்து மாற்றத்துக்கு முன் வல்லுநர்கள் விசாரிப்பது மாத்திரைகள் தவறாமல் உட்கொள்ளப்படுகின்றனவா என்பதையே.