நெறியாளர் யாருக்குக் கிடைக்கிறார்? இரண்டு இயற்பியல் மாணவர்களின் வரலாறு

பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டுக்கு வந்ததும் 'புராஜெக்ட்' செய்யச் சொல்வார்கள். அடி அண்ணாமலையிலிருந்தோ, கிரிவலப் பாதையைச் சுற்றியுள்ள காலனிகளிலிருந்தோ கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறை மாணவருக்கு அப்போது எழும் கேள்வி எந்தத் தலைப்பு என்பதல்ல, யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான். கேட்க ஆளில்லாமல், கடையில் காசு கொடுத்து அச்சடித்த புராஜெக்ட்டை வாங்கி ஒப்படைப்பவர்களும் உண்டு. பிறகு, 'இவர்களுக்கெல்லாம் ஆராய்ச்சி வராது' என்று சொல்வது எளிதாகிவிடுகிறது. இந்தப் பேச்சுக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது தோழர்களே.

1928ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போவோம். ஜெர்மனியின் புகழ்பெற்ற இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் அங்கு வந்து உரையாற்றினார். ஆனர்ஸ் மாணவராக இருந்த 18 வயது சந்திரசேகர் அவரைத் தங்குமிடத்தில் போய்ப் பார்த்தார். 'நீ படித்த அணு இயற்பியல் பழையதாகிவிட்டது' என்ற பொருளில் பேசிய சோமர்ஃபெல்ட், இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியை அவரிடம் கொடுத்தார். அதிலிருந்த புதிய புள்ளியியலைக் கற்றுக்கொண்டு சந்திரசேகர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கேம்பிரிட்ஜின் ஃபவுலர் வழியாக 1929இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. பட்டம் வாங்குவதற்கு முன்பே ஒரு மாணவர் செய்த ஆய்வு இது. 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அவருடைய அறிவும் உழைப்பும் உண்மை. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்த மேசையைச் சுற்றி என்னென்ன இருந்தன என்று பாருங்கள். தந்தை ரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. சித்தப்பா சர் சி.வி. ராமன். ராமன் விளைவு அறிவிக்கப்பட்ட அதே 1928இன் கோடை விடுமுறையில், கல்கத்தாவில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஒரு வெளிநாட்டுப் பேராசிரியரின் கதவைத் தட்டலாம் என்ற துணிச்சலுக்குப் பின்னால் தலைமுறைகளாகச் சேர்ந்த கல்வி இருந்தது.

அந்தக் கல்வி நமக்கு எப்போது திறந்தது? மாநிலக் கல்லூரியின் தொடக்கம் 1840. பஞ்சமர் பிள்ளைகளுக்காக ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கியது 1894இல். ஒரு பக்கம் கல்லூரி வளர்ந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மறுபக்கம் அரிச்சுவடிக்கே போராட வேண்டியிருந்தது.

கல்லூரிக்குள் நுழைந்துவிட்டால் போதுமா? மேகநாத் சாகாவின் வரலாறு அதைச் சொல்கிறது. 1893இல் டாக்கா மாவட்டத்தில் ஓர் ஏழை மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். சாகா சமூகம் இன்றைய பொருளில் தலித் சமூகம் அல்ல. ஆனால் வங்காள உயர்சாதியினர் அதைத் தாழ்வாகவே நடத்தினார்கள். 1911இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து ஈடன் இந்து விடுதியில் தங்கியபோது, உயர்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தார்கள். சரஸ்வதி பூசையிலிருந்தும் அவர் ஒதுக்கப்பட்டார். கல்விக் கடவுளின் பூசையிலிருந்தே ஒரு மாணவரை விலக்கிய சாதியை என்னவென்று சொல்வது?

பின்னர் சாகா எழுதிய ஒரு கட்டுரை அமெரிக்க வானியற்பியல் இதழில் முழுமையாக அச்சேறவில்லை. அச்சுச் செலவில் ஒரு பங்கைக் கட்ட அவரிடம் பணம் இல்லை. ஆனாலும் 1920இல் அவர் தந்த அயனியாக்கச் சமன்பாடு, விண்மீனின் நிறமாலையைப் பார்த்து அதன் வெப்பநிலையைக் கணிக்க உலகுக்கு வழிகாட்டியது. நம் பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூர் தொலைநோக்கிகள் பதிவுசெய்யும் விண்மீன் நிறமாலைகளைப் புரிந்துகொள்ளவும் அதே சமன்பாடுதான் அடிப்படை.

1930 ஜனவரியில் அலகாபாத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் இந்த இருவரும் சந்தித்தார்கள். மாணவர் சந்திரசேகரின் கட்டுரையை சாகா பாராட்டினார், தன் வீட்டுக்கு விருந்துக்கும் அழைத்தார். பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர், தனக்குப் பின்னால் வந்தவருக்கு இலை போட்டார். நெறியாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இது பழங்கதை அல்ல. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த சேலம் மாவட்டத் தலித் மாணவர் செந்தில்குமார் 2008 பிப்ரவரியில் உயிரிழந்தார். அவருக்கு ஆய்வு நெறியாளர் ஏன் ஒதுக்கப்படவில்லை என்பதே அதன்பின் எழுந்த போராட்டத்தின் மையக் கேள்வியாக இருந்தது. சாகா காலத்துப் பந்தி, நம் காலத்தில் நெறியாளர் பட்டியலாக மாறியிருக்கிறது.

ஆகவே இறுதியாண்டு மாணவர்களே, புராஜெக்ட்டைக் கடையில் வாங்காதீர்கள். அது உங்களுக்குச் சேர வேண்டிய பயிற்சி. நெறியாளர் ஒதுக்கீட்டைப் பருவத் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்தை வகுப்பு நேரத்துக்குப் பிறகும் திறந்து வைக்கக் கேளுங்கள். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்திவரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். படித்து முடித்த அண்ணன்களே, அக்காக்களே, நம் தெருவில் அடுத்து வருகிற தம்பி தங்கைக்கு நீங்கள்தான் சோமர்ஃபெல்ட், நீங்கள்தான் சாகா. இடஒதுக்கீடு வாசலைத் திறந்தது. உள்ளே ஆய்வு மேசையில் நமக்குரிய இடத்தைக் கேட்டு வாங்குவது இந்தத் தலைமுறையின் வேலை.