பணக்காரர்கள் ஆண்ட ஊரில் காலரா

"அரசியல்வாதிங்களை விரட்டிட்டு டாக்டர், இன்ஜினியர் கையில ஆட்சியைக் கொடுத்தா நாடு எங்கயோ போயிடும்." இப்படிச் சொல்றவங்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1892, ஜெர்மனியின் ஹாம்பர்க். பெரிய துறைமுகம். ஜெர்மன் பேரரசுக்குள்ள இருந்தாலும் உள்ளூர் ஆட்சி தன் கையில்.

யார் கையிலன்னு பாருங்க. சட்டமன்றத்தில் 160 இடம். 40 சொத்துக்காரங்களுக்கு, 40 பதவியில் இருக்கிற பெரிய மனுஷங்களுக்கு. மிச்சம் 80-க்குத்தான் பொது ஓட்டு. அதுக்கும் காசு கட்டிக் குடியுரிமை வாங்கியிருக்கணும். துறைமுகத்தில் மூட்டை தூக்குறவர்ல பெரும்பாலானவருக்கு ஓட்டே கிடையாது.

அந்த ஊர் எல்பே ஆற்றுத் தண்ணியை வடிகட்டாமலே குழாயில் விட்டுச்சு. வடிகட்டும் நிலையம் கட்டணும்னு பல வருஷம் பேச்சு. செலவு யார் தலையிலன்னு வீட்டுக்காரங்க இழுத்ததுல, 1892-லயும் கட்டி முடியல.

ஒட்டியே இருந்த ஆல்டோனா பிரஷ்ய ஆட்சியில் இருந்த ஊர். ஹாம்பர்க் சாக்கடை கலந்த பிறகு வர்ற தண்ணிதான் அதுக்கு. ஆனா மணல் வடிகட்டி இருந்தது. மணல் மேல படியுற வழவழப்பான படலம் கிருமிகளைப் பிடிச்சு வச்சுக்கும்.

ஆகஸ்டில் காலரா வந்தது. வெளிய சொன்னா துறைமுகம் முடங்கும். அறிவிப்பு நாள்கணக்கில் தள்ளிப்போச்சு, கப்பல்கள் கிளம்பிக்கிட்டே இருந்தன. சுமார் 8,600 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் ஆறே வாரத்தில்! இன்னிக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் சலைனும் வச்சே இவங்கள்ல முக்கால்வாசிப் பேரையாவது காப்பாத்தியிருப்போம்.

எல்லைத் தெருவில் ஹாம்பர்க் தண்ணி குடிச்ச பக்கம் நோய். ஆல்டோனா தண்ணி குடிச்ச எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல.

பெர்லினிலிருந்து ராபர்ட் கோச் வந்து இறங்கினார். 1884-ல் நம்ம கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரிச்சு எடுத்தவர். கொதிக்க வச்ச தண்ணி வண்டியில் வந்தது, வீடுகளுக்குக் கிருமிநாசினி போனது, பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த வருஷமே வடிகட்டும் நிலையம் இயங்க ஆரம்பிச்சது. அப்ப நிபுணர் ஆட்சிதான் சரியா?

அவசரப்படாதீங்க. "தண்ணியில காலரா பரவாது"ன்னு ஹாம்பர்க் அதிகாரிகள் நம்பினதும் ஒரு நிபுணரை வச்சுத்தான். மியூனிக்கின் பெட்டன்கோஃபர். சும்மா ஆள் இல்ல, நவீன சுகாதார அறிவியலைக் கட்டி எழுப்பினவர். அதே 1892 அக்டோபரில் காலராக் கிருமியை எல்லார் முன்னாடியும் குடிச்சே காட்டினார். லேசான வயித்துப்போக்கோட தப்பிச்சார். எட்டாயிரம் பேர் செத்த பிறகும் தன் கருத்தை மாத்திக்கல.

கோச்சையே எடுத்துக்குவோம். 1906-ல் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரித் தீவுகளுக்குத் தூக்க நோயை ஆராயப் போனார். ஆர்சனிக் கலந்த அடாக்சில் மருந்து. பலன் போதலன்னு அளவைக் கூட்டினார். இருபதுக்கு மேல நோயாளிகளுக்குப் பார்வை நிரந்தரமாப் போச்சு.

நிபுணரை வேணாம்னு நான் சொல்லல, நானே வெள்ளைக் கோட்டுக்காரன்தான். அவரை யார் கேள்வி கேட்பாங்கங்கிறதுதான் என் கவலை. ஹாம்பர்க்கில் பத்திரிகை எழுதிச்சு, ஓட்டில்லாத தொழிலாளர்களின் கட்சி பேசிச்சு, 1896-ல் அந்தக் குடியுரிமைக் கட்டணத்தை எடுத்தாங்க.

1906-ல் அதே மன்றம் வருமானத்தை வச்சு ஓட்டை மறுபடி பிரிச்சது. தண்ணி மட்டும் சுத்தமா வந்துக்கிட்டிருந்தது.