வேம்புக்காக நடந்த பத்தாண்டு வழக்கு

காப்புரிமை கொடுத்தாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அதற்கு வேம்பு வழக்கே சாட்சி.

வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-ல் காப்புரிமை வழங்கியது. பெற்றவர்கள் அமெரிக்க விவசாயத் துறையும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனமும்.

ஐரோப்பாவில் காப்புரிமை வழங்கிய 9 மாதங்களுக்குள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 1995 ஜூனில் இந்தியாவின் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் குழுவின் மக்டா ஆல்வூட், இயற்கை வேளாண் இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஆகியோர் ஆட்சேபித்தனர்.

"எங்கள் பாட்டிக்கே தெரியும்" என்றால் மட்டும் போதாது. விண்ணப்பத்துக்கு முன்பே அந்த முறை வெளியில் தெரிந்திருந்தது என்று நிரூபிக்க வேண்டும். மியூனிக் விசாரணையில் இந்தியத் தொழிற்சாலை நிர்வாகி ஒருவர் சாட்சி சொன்னார். 2000 மே 10 அன்று காப்புரிமை ரத்தானது.

உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அது முடியும்வரை ரத்து உத்தரவு அமலுக்கு வராது என்பது அங்குள்ள விதி. ஆகவே தோற்ற காப்புரிமை இன்னும் ஐந்தாண்டுகள் உயிரோடு இருந்தது. 2005 மார்ச் 8 அன்றுதான் மேல்முறையீடு தள்ளுபடியானது.

தெரிந்த விஷயத்தைத் தெரிந்ததுதான் என்று நிரூபிக்கப் பத்தாண்டுகள்! எழுதி வைக்காத அறிவுக்கு நாம் கொடுக்கும் விலை இது.