பெயரை இழந்த இசைக்குழு: ‘டாமேஜ்ட்’ ஆல்பத்தின் வழக்குக் கதை

அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் இசையின் வரலாற்றை யார் எழுதினாலும் ‘டாமேஜ்ட்’டைத் தாண்டிப் போக முடியாது. 1981 கடைசியில் வந்த இது, பிளாக் ஃபிளாக் குழுவின் முதல் முழு ஆல்பம். பாடகர் ஹென்றி ராலின்ஸ் உடைந்த கண்ணாடியைக் குத்துவது போன்ற அந்த அட்டைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீங்க. பாட்டுகளைப் பற்றி நிறைய எழுதிட்டாங்க. என்னை இழுத்தது அதோட வழக்குதான்.

கொஞ்சம் பின்னாடி போவோம். குழுவின் கிடாரிஸ்ட் கிரெக் கின் 12 வயசுலேயே ஒரு தபால் வியாபாரம் தொடங்கியவர். இரண்டாம் உலகப்போரில் மிஞ்சிய ரேடியோ கருவிகளை மாற்றியமைத்து ஹாம் ரேடியோக்காரர்களுக்கு விற்பார். பெயர் சாலிட் ஸ்டேட் டியூனர்ஸ், சுருக்கமா எஸ்எஸ்டி. பிறகு குழுவின் முதல் பதிவை வெளியிட வேண்டிய கம்பெனி இழுத்தடிச்சப்போ, டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி ரெக்கார்டு அச்சடிக்கும் ஆலை ஒன்றைக் கண்டுபிடிச்சு, அதே எஸ்எஸ்டி பெயரில் தானே வெளியிட்டார்.

ஆனா நாடு முழுக்கக் கடைகளில் ரெக்கார்டு கிடைக்கணும்னா பெரிய விநியோகஸ்தர் வேணும். அதுக்காக யூனிகார்ன் என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டாங்க. யூனிகார்னுக்கு விநியோகம் எம்சிஏ. ரெக்கார்டுகள் அச்சாகித் தயாரான நேரத்தில், எம்சிஏ விநியோகப் பிரிவின் தலைவர் அல் பெர்காமோ ஆல்பத்தைக் கேட்டுட்டு, ஒரு தகப்பனாக இது பெற்றோருக்கு எதிரானது என்று சொல்லிக் கைவிரிச்சுட்டார். உண்மையான காரணம் வேற, யூனிகார்ன் கடனில் மூழ்கியிருந்ததால் எம்சிஏ கழன்றுகொண்டது என்று எஸ்எஸ்டியில் வேலை பார்த்த ஜோ கார்டூச்சி பின்னாளில் சொன்னார்.

குழு என்ன செஞ்சது? பெர்காமோ சொன்னதையே ஸ்டிக்கராக அச்சடிச்சு, அட்டையில் இருந்த எம்சிஏ சின்னத்தின் மேலேயே ஒட்டி விற்றது. திட்டியதே விளம்பரமாச்சு!

சிரிப்பு அதோட முடிஞ்சது. வராத பணத்துக்காக எஸ்எஸ்டி வழக்குப் போட, யூனிகார்ன் பதில் வழக்குப் போட்டது. வழக்கு முடியும் வரை பிளாக் ஃபிளாக் என்ற பெயரிலோ சின்னத்திலோ புது ரெக்கார்டு எதுவும் வரக்கூடாதுன்னு நீதிமன்றம் தடை விதிச்சது. பெயரும், அந்த நாலு கறுப்புப் பட்டைச் சின்னமும், கின்னின் தம்பி ரேமண்ட் பெட்டிபான் யோசிச்சுக் கொடுத்தவை. வீட்டுக்குள்ளே பிறந்த பெயரை வெளியே சொல்ல முடியாத நிலை.

1982இல் பழைய பதிவுகளைத் தொகுத்து ‘எவ்ரிதிங் வென்ட் பிளாக்’ என்று வெளியிட்டாங்க. அட்டையில் குழுவின் பெயர் இல்லை, இசைத்தவர்களின் பெயர்கள் மட்டும். நீதிமன்றம் அதையும் அவமதிப்பாகவே பார்த்தது. 1983இல் கின்னும் பாஸ் கிடாரிஸ்ட் சக் டுகாவ்ஸ்கியும் 5 நாள் சிறையில் இருந்தாங்க. கடைசியில் விடுதலை கொடுத்தது தீர்ப்பு இல்லை, யூனிகார்ன் திவாலானதுதான். தேங்கிக் கிடந்ததெல்லாம் 1984இல் வெளியே வந்தது: ஒரே வருஷத்தில் 3 ஸ்டுடியோ ஆல்பம். அதில் ‘மை வார்’ ஆல்பத்தில் பாஸ் வாசிக்க ஆளில்லாம, டேல் நிக்சன் என்ற புனைபெயரில் கின்னே வாசிச்சிருக்கார்.

இந்தக் கதையில் கின்னை நாயகனாகவே வச்சுக்கலாம், 2013 வரைக்கும். அந்த வருஷம் பழைய உறுப்பினர்கள் சிலர் சேர்ந்து ‘ஃபிளாக்’ என்ற பெயரில் அந்தப் பாட்டுகளை மேடையில் வாசிச்சாங்க. பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துறதைத் தடுக்கச் சொல்லி எஸ்எஸ்டி வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பில் ராலின்ஸ் இருந்தார், கின்னோடு சேர்ந்து சிறைக்குப் போன டுகாவ்ஸ்கியும் இருந்தார். இந்த முறை நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துட்டது.

பெரிய கம்பெனி கெட்டது, சின்னக் கம்பெனி நல்லதுன்னு இதைச் சுருக்கிட முடியலை. ஒரு பெயர் சொத்தாக மாறிட்டா, அதைக் கையில் வச்சிருப்பவர் யாராக இருந்தாலும் நீதிமன்றப் படி ஏறத்தான் செய்வார் போல.