ஆலய முற்றத்தில் பொங்கற்பானை

உழவர் விழாக்கள் மண்ணில் முளைத்தவை. புதிய சமயம் ஒன்று நாட்டிற்குள் வருங்கால், அவ்விழாக்களை விலக்குவதா, ஏற்பதா என்னும் வினாவும் உடன் வருகின்றது. பெரு நாட்டுக் குஸ்கோ நகரில் இன்கா மக்களின் சூரிய விழா மரபும் கத்தோலிக்கரின் நற்கருணைப் பெருவிழாவும் கலந்தமை உலகறிந்த செய்தி. காவிரிக் கரைக்கும் அத்தகைய வரலாறு ஒன்று உண்டு.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, பூணூலும் சந்தனமும் சமுதாய வழக்கங்களே எனச் சொற்போர் நிகழ்த்தினார். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623இல் அவற்றை நிபந்தனையோடு ஏற்றார். பின்வந்த வீரமாமுனிவரோ, தேம்பாவணியில் யூதேய நாட்டையே தமிழ்க் காப்பிய மரபின்படி மழையும் ஆறும் வயலும் பொலியும் நாடாகப் படைத்தார்.

எனினும் எதிர்ப்பு ஓயவில்லை. 1704இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, மணவிழாவில் தேங்காய் உடைத்தலையும் பிள்ளையார் உருப் பொறித்த தாலியையும் தடுத்தது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் இத்தடைகளை உறுதிப்படுத்தினார். அவற்றைக் காப்பதாகக் குருக்கள் எடுத்துவந்த உறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பெற்றது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், அந்தந்த மக்களின் பண்பாட்டிற்கு வழிபாட்டில் இடமளித்தது.

இன்று திருச்சிராப்பள்ளி வட்டாரக் கத்தோலிக்க ஆலய முற்றங்களில் தைப்பொங்கலன்று புதுப்பானை பொங்குகின்றது. நன்றித் திருப்பலி நிறைவேறுகின்றது. கால்நடைகளின் காவலராகப் போற்றப்பெறும் வனத்து அந்தோணியாரின் திருநாள் சனவரி 17. மாட்டுப் பொங்கலை அடுத்து வருவதால், ஊர்கள் சிலவற்றில் மாடுகளை ஆலயத்திற்கு ஓட்டிவந்து மந்திரிப்பர். ஆற்றின் அக்கரையில், திருவரங்கத்தில், அதே தைத் திங்களில் பூபதித் திருநாள் தேர் உலா வருகின்றது. ஒரே காவிரி விளைத்த நெல் இரு வழிபாட்டிற்கும் உரியதாகின்றது.

ஆயினும் ஓர் உண்மையை நாம் மறத்தல் ஆகாது. அந்த 1704ஆம் ஆண்டு ஆணையே, ஒடுக்கப்பட்டோர் இல்லங்களுக்குள் சென்று நோயுற்றோர்க்கு அருட்சாதனம் வழங்கக் குருக்கள் தயங்கியதையும் கண்டித்தது. வழக்கம் என்று காக்கப்பெற்றவற்றுள் சாதியும் இருந்தது! தேங்காயைத் தடுத்தது பிழை. தீண்டாமையைக் கண்டித்தது அறம். இரண்டும் ஒரே ஏட்டில் அமைந்தமையே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

மரபு என்பதனாலேயே ஒன்று கொள்ளத்தக்கதாகிவிடாது. அயலது என்பதனாலேயே தள்ளத்தக்கதும் ஆகாது. மனிதரை ஒன்றுகூட்டுவதே கொள்ளத்தக்க மரபு. ஆலய முற்றத்துப் பானையில் பொங்கிய சோற்றை ஊரார் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் நாளே உண்மையான அறுவடைத் திருநாள்.