ஜூலை 4: நியூயார்க் யாங்கீஸ் அணியின் வரலாற்றில் ஒரு நாள்

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டம் அமெரிக்காவின் மரபான விளையாட்டுகளுள் முதன்மையானது. அதில் மிக அதிகமான உலகத் தொடர் பட்டங்களை வென்ற அணி நியூயார்க் யாங்கீஸ் ஆகும். 1903 முதல் நியூயார்க் நகரில் விளையாடிவரும் இவ்வணியின் நாட்காட்டியில் ஜூலை 4 தனி இடம் பெற்றுள்ளது. 1927, 1939, 1983, 1984 ஆகிய ஆண்டுகளில் இதே நாளில் நடந்தவை அணியின் வரலாற்றில் பதிவாகியுள்ளன. அணியின் நீண்டகால உரிமையாளர் பிறந்த நாளும் இதுவே. ஆனால் இவற்றுள் மக்கள் மனத்தில் அதிகம் நிலைத்தது வெற்றியோ சாதனையோ அன்று. நோயுற்று ஆட்டத்தை விட்டு விலகிய ஒரு வீரர், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே பேசிய சில நிமிடங்களே அது.

விடுமுறையும் இரட்டை ஆட்டமும்

1776இல் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டதை நினைவுகூரும் ஜூலை 4 அமெரிக்காவின் தேசிய விடுமுறை நாள். பேஸ்பால் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிவதால், இந்த நாள் ஏறத்தாழப் பருவத்தின் நடுவில் வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் விடுமுறை நாட்களில் ஒரே அணிகள் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் ஆடுவது வழக்கம். இதனை இரட்டை ஆட்டம் என்பர். வேலைக்குச் செல்வோரும் அன்று வர முடிந்ததால் அரங்கம் நிரம்பியது. பெருங்கூட்டம் திரளும் நாளையே அணிகள் சிறப்பு விழாக்களுக்கும் தேர்ந்தெடுத்தன. ஜூலை 4 குறித்த நினைவுகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1927: வாஷிங்டனுக்கு எதிரான இரு வெற்றிகள்

1927ஆம் ஆண்டின் யாங்கீஸ் அணியைப் பேஸ்பால் வரலாற்றின் மிகச் சிறந்த அணி என்று பலர் கருதுகின்றனர். பேப் ரூத், லூ கெரிக் ஆகிய இருவரும் அதன் மட்டைவீச்சுத் தூண்கள். அவ்வாண்டு ஜூலை 4 அன்று யாங்கீ அரங்கில் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியுடன் இரட்டை ஆட்டம் நடந்தது. 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். முதல் ஆட்டத்தில் யாங்கீஸ் 12–1 என்றும், இரண்டாம் ஆட்டத்தில் 21–1 என்றும் வென்றது. பேஸ்பாலில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நான்கைந்து ஓட்டங்கள் எடுப்பதே இயல்பு. ஒரே நாளில் 33 ஓட்டங்கள் எடுத்து இரண்டை மட்டும் கொடுத்தது எத்தகைய ஆதிக்கம் என்பதை இதிலிருந்து உணரலாம்.

அந்தப் பருவத்தில் யாங்கீஸ் 110 ஆட்டங்களில் வென்று, உலகத் தொடரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியை 4–0 என வீழ்த்தியது. ரூத் 60 ஹோம் ரன்களும் கெரிக் 47 ஹோம் ரன்களும் அடித்தனர்.

1939: லூ கெரிக்கின் விடைபெறல்

லூ கெரிக் 1903 ஜூன் 19 அன்று நியூயார்க்கில் ஜெர்மானியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். 1925 ஜூன் 2 அன்று வாலி பிப் என்பவருக்குப் பதிலாக முதல் பேஸ் காப்பாளராகக் களமிறங்கினார். அதற்கு முந்தைய நாள் மாற்று மட்டையாளராக வந்ததிலிருந்து, 1939 ஏப்ரல் 30 வரை ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் தொடர்ச்சியாக 2,130 ஆட்டங்களில் விளையாடினார். இதனால் 'இரும்புக் குதிரை' என்று அழைக்கப்பட்டார். இச்சாதனையை 1995இல்தான் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் கால் ரிப்கன் முறியடித்தார்.

1939 பருவத்தின் தொடக்கத்தில் கெரிக்கின் உடல் தளர்ந்திருந்தது. எட்டு ஆட்டங்களில் 28 முறை மட்டைபிடித்து நான்கு ஹிட்கள் மட்டுமே எடுத்தார். மே 2 அன்று டெட்ராய்ட் நகரில் மேலாளர் ஜோ மெக்கார்த்தியிடம் சென்று, அணியின் நன்மைக்காகத் தம்மை ஆட்டத்திலிருந்து விலக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். ஜூன் மாதம் மினசோட்டா மாநிலத்தின் மேயோ மருத்துவமனையில் சோதனைகள் நடந்தன. அவரது 36ஆவது பிறந்த நாளன்று முடிவு தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். என்னும் நோய் அது. அந்நோய்க்குச் சிகிச்சை ஏதும் இருக்கவில்லை.

ஜூலை 4 'லூ கெரிக் பாராட்டு நாள்' என அறிவிக்கப்பட்டது. அன்றும் எதிரணி வாஷிங்டன் செனட்டர்ஸ்தான். அன்றும் இரட்டை ஆட்டம்தான். 61,808 பேர் வந்திருந்தனர். முதல் ஆட்டத்தில் யாங்கீஸ் 3–2 எனத் தோற்றது. அதன்பின் களத்தின் நடுவே விழா நடந்தது. 1927 அணியின் வீரர்கள் பலர் வந்திருந்தனர். கெரிக்குக்கு இடம்விட்ட வாலி பிப்பும் வந்திருந்தார். நகர மேயர் லா கார்டியா பேசினார். சக வீரர்கள் ஒரு வெள்ளிக் கோப்பையை அளித்தனர். அரங்கப் பணியாளர்களும், போட்டி அணியான நியூயார்க் ஜயண்ட்ஸும் பரிசளித்தனர். பெற்ற பரிசுகளைக் கெரிக் உடனுக்குடன் தரையில் வைத்தார். கையில் தாங்கி நிற்க உடலில் வலு இல்லை.

உணர்ச்சிவசப்பட்ட கெரிக்கால் முதலில் பேச முடியவில்லை. கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்கியது. பிறகு ஒலிவாங்கியின் முன் வந்து, கையில் குறிப்பு ஏதுமின்றிப் பேசினார். முந்நூறு சொற்களுக்கும் குறைவான அவ்வுரையில் தம் நோயைப் பற்றி மிகக் குறைவாகவே குறிப்பிட்டார். தமக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆயினும் இவ்வுலகில் மிகவும் பேறு பெற்றவன் நானே என்னும் பொருள்படத் தொடங்கினார். எஞ்சியதில் பெரும்பகுதி நன்றி. அணி உரிமையாளர், மேலாளர்கள், சக வீரர்கள், களப் பணியாளர்கள், பெற்றோர், மாமியார், மனைவி எலினார் என ஒவ்வொருவரையும் நினைவுகூர்ந்தார். பேசி முடித்ததும் பேப் ரூத் அவரைக் கட்டித் தழுவினார். இருவரும் பல ஆண்டுகளாகப் பேசாமல் இருந்தவர்கள் என்பதால் அக்காட்சி பெரிதும் பேசப்பட்டது.

அடுத்து நடந்த இரண்டாம் ஆட்டத்தில் யாங்கீஸ் 11–1 என வென்றது. அந்த முடிவு இன்று பலருக்கு நினைவில் இல்லை.

உரையும் அதன் நினைவும்

இவ்வுரை முழுமையான ஒலிப்பதிவாகவோ படமாகவோ கிடைக்கவில்லை. செய்திப்படங்களில் சில வரிகளே எஞ்சியுள்ளன. முழு வடிவம் செய்தித்தாள் பதிவுகளிலிருந்து தொகுக்கப்பட்டது. 1942இல் கேரி கூப்பர் நடித்து வெளிவந்த 'தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்' திரைப்படம் உரையைச் சுருக்கி, பேறு பெற்றவன் என்னும் வரியை முடிவில் வைத்தது. திரைப்படத்தின் வழியே அறிந்தவர்கள் உரை அவ்வாறு முடிந்ததாகவே எண்ணுகின்றனர். உண்மையில் அது தொடக்கத்தில் வந்த வரி. பேறு பெற்றவன் என்று முதலில் கூறிவிட்டு, அதற்கான காரணங்களாகவே மற்றவர்களின் பெயர்களை அவர் அடுக்கினார். வரி இடம் மாறியபோது, நன்றியுரையாக இருந்தது துயர உரையாக ஒலித்தது.

கெரிக் அணிந்த 4ஆம் எண்ணை யாங்கீஸ் பிறகு எவருக்கும் வழங்கவில்லை. பெருங்கூட்டமைப்புப் பேஸ்பாலில் இவ்வாறு ஓய்வளிக்கப்பட்ட முதல் எண் அதுவே. 1939 டிசம்பரில் சிறப்புத் தேர்தல் மூலம் அவர் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1941 ஜூன் 2 அன்று, தம் 37ஆம் வயதில் காலமானார். ஏ.எல்.எஸ். அமெரிக்காவில் 'லூ கெரிக் நோய்' என்றே இன்றும் அழைக்கப்படுகிறது.

1983: டேவ் ரிகெட்டியின் நோ-ஹிட்டர்

எதிரணியை ஒரு ஹிட்கூட எடுக்கவிடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடிப்பது 'நோ-ஹிட்டர்' எனப்படும். 1983 ஜூலை 4 அன்று யாங்கீஸின் இடக்கைப் பந்துவீச்சாளர் டேவ் ரிகெட்டி, நீண்டகால எதிரியான பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு எதிராக இதனைச் செய்தார். யாங்கீஸ் 4–0 என வென்றது. கடைசியாக மட்டைபிடித்தவர் வேட் பாக்ஸ். அந்தப் பருவத்தில் .361 சராசரியுடன் கூட்டமைப்பில் முதலிடம் பெற்றவர் அவர். ஸ்ட்ரைக் அவுட் ஆவது அவருக்கு அரிது. அவரையே ரிகெட்டி ஸ்ட்ரைக் அவுட் செய்து ஆட்டத்தை முடித்தார். 1956 உலகத் தொடரில் டான் லார்சன் வீசிய குறையற்ற ஆட்டத்துக்குப் பின் யாங்கீஸ் வீரர் ஒருவர் வீசிய முதல் நோ-ஹிட்டர் இதுவே.

அடுத்த ஆண்டு இதே நாளில், 45 வயதான பில் நீக்ரோ யாங்கீஸ் அணிக்காக வீசித் தம் 3,000ஆவது ஸ்ட்ரைக் அவுட்டை எட்டினார்.

உரிமையாளரின் பிறந்த நாள்

ரிகெட்டியின் சாதனை நாள் ஜார்ஜ் ஸ்டெயின்பிரெனரின் 53ஆவது பிறந்த நாளாகவும் அமைந்தது. 1930 ஜூலை 4 அன்று ஓஹையோ மாநிலத்தில் பிறந்த இவர், 1973இல் ஒரு குழுவுக்குத் தலைமையேற்று, சுமார் 1 கோடி டாலருக்கு அணியை வாங்கினார். மேலாளர்களை அடிக்கடி மாற்றுவதற்குப் பெயர்பெற்றவர். பில்லி மார்ட்டின் என்பவரை மட்டும் ஐந்து முறை பணியமர்த்தினார். இவரது காலத்தில் அணி ஏழு உலகத் தொடர்களை வென்றது. 80ஆவது பிறந்த நாள் கடந்து ஒன்பது நாட்களில், 2010 ஜூலை 13 அன்று காலமானார்.

இன்றைய நினைவு

1939 நிகழ்வின் 70ஆம் ஆண்டு நிறைவான 2009 ஜூலை 4 அன்று, பேஸ்பால் அரங்குகளில் கெரிக்கின் உரை நினைவுகூரப்பட்டு, ஏ.எல்.எஸ். நோய் குறித்த விழிப்புணர்வும் பரப்பப்பட்டது. 2021 முதல் எல்லா அணிகளும் ஜூன் 2ஐ லூ கெரிக் நாளாகக் கடைப்பிடிக்கின்றன. அவர் முதல் பேஸில் நிலையான இடம் பெற்றதும், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் மறைந்ததும் அதே தேதியில்தான். நோயாளிகளுக்கான நிதி அன்று திரட்டப்படுகிறது. விடைபெற்ற நாளான ஜூலை 4ஐ யாங்கீஸ் ரசிகர்கள் தனியே நினைவில் வைத்துள்ளனர்.