சேலம், நாமக்கல் சமவெளியில் அரசு உயர்நிலைப் பள்ளி

சேலம் மாநகரின் விளிம்பிலும் நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு ஊர்களின் புறநகரிலும் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகளின் வரலாறு, இப்பகுதி எளிய மக்கள் கல்வியை நோக்கி நடந்த வரலாறே ஆகும்.

முந்தைய தலைமுறையினர் இவற்றுட் பலவற்றை 'போர்டு ஹைஸ்கூல்' என்றே வழங்கினர். ஜில்லா போர்டுகள் நடத்திவந்த பள்ளிகள் பிற்காலத்தில் அரசின் நேரடிப் பொறுப்பில் வந்தன. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி, முதலமைச்சரானபின் 1953இல் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதைக் குடும்பத் தொழிலுக்கு ஒதுக்கியது. எதிர்ப்பு வலுக்கவே, 1954இல் காமராஜர் ஆட்சி அதனைக் கைவிட்டது. 1956இல் மதிய உணவுத் திட்டம் விரிந்தது. பள்ளிகள் பெருகின. தறிக்காரர், கூலித்தொழிலாளர், சிறுவணிகர் வீட்டுப் பிள்ளைகள் உயர்நிலை வகுப்பை எட்டினர். 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது.

அதன்பின் இச்சமவெளி வேறொரு கல்வி முறைக்கும் பெயர்பெற்றது. நாமக்கல் வட்டாரத்தின் தனியார் உறைவிடப் பள்ளிகள் பிளஸ் டூ மதிப்பெண்ணையே குறியாகக் கொண்டன. மாநில நுழைவுத் தேர்வு நீங்கி, 2007ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மதிப்பெண்ணே மருத்துவக் கல்லூரியின் வாயிலான பின்னர், அவற்றின் செல்வாக்கு உச்சம் பெற்றது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே மனனம் செய்விக்கும் வழக்கம் பரவியது. கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்போன வட்டாரமாதலின், 'பிராய்லர் பள்ளிகள்' என மக்கள் அவற்றை ஏளனமும் வியப்பும் கலந்து அழைத்தனர்.

அவ்வழக்கத்தைத் தடுக்க 2018இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு நடத்தப்பட்டது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அது நீக்கப்பட்டது. இதற்கிடையே 2017இல் நீட் தேர்வு வந்து, மதிப்பெண் வழியை அடைத்தது. பயிற்சி மையத்திற்குப் பணம் செலுத்த இயலாத அரசுப்பள்ளி மாணவரே இதனால் பெரிதும் பின்தள்ளப்பட்டனர். நீதிபதி கலையரசன் ஆணையம் அவர்களுக்கு 10 விழுக்காடு இடம் பரிந்துரைத்தது, 2020இல் 7.5 விழுக்காடு சட்டமாயிற்று. 2021இல் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப்பள்ளியில் பயின்றோர்க்கு இவ்வுரிமை உண்டு என்பது கருதத்தக்கது. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், இவ்வாறு பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது.

ஆகவே, ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்று பெற்றோர் எடுக்கும் முடிவு, பிள்ளையின் பிற்கால வாய்ப்பையும் தீர்மானிக்கின்றது. கடன்பட்டேனும் தனியார் பள்ளியில் சேர்ப்பதே கௌரவம் என்னும் எண்ணம் நம் மஹல்லாக்களிலும் வேரூன்றியுள்ளது. அதனை மறு ஆய்வு செய்யும் காலம் இது.

அரசுப் பள்ளியில் குறைகள் இல்லையென நாம் சொல்லவில்லை. ஆனால் அவற்றைக் கேட்கும் உரிமையைச் சட்டமே தந்துள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். அவ்விருக்கைகளில் நம் தாய்மார்கள் அமர்ந்து வினவுவார்களாயின், ஆசிரியர் பணியிடமும் ஆய்வகமும் கழிப்பறையும் வெறும் மனுக்களாக நின்றுவிடா. இல்மைத் தேடுவது கடமையெனக் கற்பிக்கும் நாம், அது கிடைக்கும் வாயிலைப் பேணுவதையும் கடமையாகக் கொள்வோமாக.